நாலு மணிக்கே வந்த அக்கா

ஓம் அன்ரி, நான்தான். படவிழாவில் முன்வரிசையில் மஞ்சள் அட்டையோடு இருந்த பிள்ளை. நீங்கள் ஏறினதும் என்னைப் பார்த்துச் சிரித்தபோது கோயிலில் கண்ட முகமாக்கும் என்று நினைத்தேன். இருங்கோ, பையை மடியில் வைக்கிறேன். ஃபிஞ்ச் வீதிப் பஸ்சில் ஞாயிற்றுக்கிழமை இருக்க இடம் கிடைப்பதே பெரிய விஷயம்.

இரண்டு மாதமாகியும் எல்லாருக்கும் அந்த அட்டைதான் ஞாபகம். போன கிழமை மீன்கடையில் ஒருவர், "பிள்ளை, இண்டைக்கு அட்டை கொண்டுவரேல்லையோ?" என்று கேட்டார். நான் சிரித்தேன். வேறென்ன செய்வது. நான் பொதுவாகப் பஸ்சில் யாரோடும் கதைக்கிறதில்லை. ஆனால் நீங்கள் மண்டபத்தில் இருந்தவர், அதனால் சொல்கிறேன். பேசுகிறவருக்கு நேரம் காட்டுகிற அந்த அட்டையில் ஒரு பிழையும் இல்லை. மஞ்சளில் 'ஐந்து நிமிடம்'. சிவப்பில் 'நன்றி, வணக்கம்'. தூரத்திலிருந்து வாசிக்கக்கூடிய அளவு எழுத்து. நான்தான் வீட்டில் இருந்து வெட்டி ஒட்டிச் செய்தேன்.

பிழை நேரத்தில்.

எங்கள் விழாவில் சம்பளத்துக்கு யாரும் இல்லை, எல்லாரும் தொண்டர்தான். கொமிற்றியில் ஏழு பேர். தலைவர் ஞானச்சந்திரன் அங்கிளை உங்களுக்குத் தெரியும். பதினொரு வருடமாக அவர்தான். வேறு ஒருவரும் முன்வராதபடியால்தான் இருக்கிறேன் என்று வருடா வருடம் சொல்வார். முன்வந்த மூன்று பேரை எனக்கே தெரியும். அது வேறு கதை.

எங்கள் ஆட்கள் பிந்தி வருவார்கள் என்று நேரத்தை முந்திப் போடுவது கொமிற்றியின் வழக்கம். அழைப்பிதழ் அடிக்கிறது நான். "நாலு எண்டு போடு பிள்ளை" என்றார் தலைவர்.

"நாலுக்குத் தொடங்குவமோ அங்கிள்?"

"உனக்கென்ன விசரே? நாலெண்டால்தான் அஞ்சுக்காவது வருங்கள். எங்கட ஆக்களுக்கு அது விளங்கும்."

எனக்கு விளங்கியது. பல்கலைக்கழகத்தில் நான் புள்ளிவிபரம் படித்தவள், அவருடைய கணக்கில் பிழை சொல்ல முடியாது. நீங்கள் எத்தனைக்கு வந்தீர்கள் அன்ரி? பார்த்தீர்களா, பத்து நிமிடம் குறைய அஞ்சுக்கு.

ஒரே ஒருவருக்குத்தான் அது விளங்கவில்லை. லோஜினி அக்கா. பத்மலோஜினி. அன்றைக்குப் போட்ட படத்தில் அம்மாவாக நடித்தவ.

அவ நடிகை இல்லை. காலையில் கோப்பிக் கடையில் வேலை, இரவில் எயார்போட்டில் விமானத்துக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்குகிற வேலை. இடையில் உள்ள நேரம் பஸ்சில் போய்விடும். ஞாயிறு மட்டும் வீட்டில் நிற்பா. படம் எடுத்த நிரோஜன் தினமும் அந்தக் கடையில்தான் கோப்பி வாங்குவார். ஒரு நாள் அக்கா மிச்சக் காசைக் கையில் வைத்துவிட்டு, "தம்பி, நித்திரை கொள்ளுறதில்லையோ?" என்று கேட்டாவாம். அதைக் கேட்ட மாதிரியிலேயே தனக்கு அம்மா கிடைத்துவிட்டா என்று நிரோஜன் எனக்குச் சொன்னார். ஏழு ஞாயிற்றுக்கிழமையில் படத்தை எடுத்து முடித்தார்கள். அக்கா அதில் ஒரு துண்டுகூடப் பார்க்கவில்லை. சின்னத் திரையில் பார்த்தால் பயந்துபோவா, பெரிய திரையில்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று நிரோஜன் காட்டாமல் வைத்திருந்தார்.

எப்போதும் வேலையில் நிற்கிறவ ஒரு விழாவுக்கும் வந்ததில்லை. வராதவவுக்கு எங்கள் நேரம் எப்படித் தெரியும்? அழைப்பிதழைப் போனில் அனுப்பினதும் குரல் பதிவு ஒன்று வந்தது. "நாலு மணிக்கோ பிள்ளை?" நான், "ஓம் அக்கா" என்று எழுதினேன். அச்சில் இருந்ததைத்தானே சொன்னேன். பொய்யா அது? எடுத்துச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் எனக்குக் கதை வராது. எழுதுவேன். எழுதும்போது இவ்வளவு விளக்கம் வேண்டுமா என்று பட்டது.

அவ மூன்று ஐம்பதுக்கு வந்துவிட்டா. கத்தரிப்பூ நிறச் சேலை, மேலே குளிர் ஜக்கெற். கையில் ஒரு பை, அதற்குள் வேலைச் சட்டையும் சப்பாத்தும். தலைமயிரை எங்கோ கடையில் கொடுத்துச் செய்திருந்தா. பின்பக்கம் ஒரு ஊசி வெளியில் தெரிந்தது, சொல்லவா விடவா என்று யோசித்துவிட்டு விட்டுவிட்டேன். மண்டபத்தில் நானும், மேலே படம் போடுகிற மார்லனும், நிரோஜனும்தான். முந்நூறு கதிரை வெறுமையாக இருந்தது. அவ அதைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டா, "நான் பிந்தேல்லைத்தானே?"

"இல்லை அக்கா."

"ஆறு பத்து பஸ்சைப் பிடிக்க வேணும். எட்டுக்கு வேலை. படம் அம்பத்திரண்டு நிமிசம் எண்டு தம்பி சொன்னவர். நாலுக்குத் தொடங்கினால் அஞ்சுக்கு முடிஞ்சிடும். பேந்து உங்களோட இருந்து ஒரு ரீ குடிச்சிட்டுப் போவன்."

"ஓம் அக்கா. இந்தா இப்பத் தொடங்கிடும்."

அப்படித்தான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? சேலை கட்டிக்கொண்டு, மயிர் செய்துகொண்டு வந்து நிற்கிற ஒருவரிடம் அஞ்சுக்கு முதல் படம் வராது என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வராது. எங்கள் வீட்டில் அம்மாவும் அப்படித்தான். சோறு வேகாமல் இருக்கும்போது வந்தவரிடம், இந்தா ஆயிற்று, இருங்கோ என்பா. அது பொய் இல்லை, மரியாதை.

நாலேகாலுக்கு நிரோஜன் கீழே வந்தார். மார்லன் ஒரு யோசனை சொன்னாராம். மார்லன் பிலிப்பீன்ஸ்காரர், அவர்களுடைய விழாவும் இப்படித்தான் பிந்துமாம். எப்படியும் சத்தம் சரி பார்க்கத்தானே வேண்டும், படத்தை முழுக்க ஓடவிடுவோம், அந்த அம்மா இருந்து பார்க்கட்டும், பிறகு எல்லாரும் வந்ததும் திரும்பப் போடலாம்.

நிரோஜன் என்னைப் பார்த்துச் சொன்னார், "சாம்பவி, நீங்கள் ஓம் எண்டால் நான் இப்பவே தொடங்குவன்."

நான் யார் அன்ரி ஓம் சொல்ல? நான் நேர அட்டை பிடிக்கிறவள். ஒருக்கால் தலைவரிடம் கேட்கிறேன் என்றேன். நாலு தரம் அடித்த பிறகுதான் போனை எடுத்தார்.

"பொன்னாடைக் கடையில நிக்கிறன் பிள்ளை. என்ன சத்தம் பாக்கிறதோ? பாருங்கோ, பாருங்கோ. ஆனால் படத்தை ஓட்டிப்போட வேண்டாம். விளக்கேத்தாமல் எந்தக் காலத்திலயாவது எங்கட விழா தொடங்கினதோ?"

நான் நிரோஜனிடம் சொன்னேன். அவர் மேலே ஏறிப் போய்விட்டார். என்னோடு அவருக்கு ஏன் கோபம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. கேட்க வேண்டியவரிடம் கேட்டேன், அவர் சொன்னதை வந்து சொன்னேன்.

அக்கா மூன்றாம் வரிசையில் நடுக் கதிரையில் இருந்தா. ஜக்கெற்றைக் கழற்றி மடித்து மடியில் வைத்திருந்தா. நாலரைக்குப் போய், இந்தா தொடங்கப்போகுது அக்கா என்றேன். நாலு நாற்பதுக்கு ரீ கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள் என்றேன். அது உண்மை. வந்தார்கள்தான். "சனம் வருதென்ன" என்று அவவும் திரும்பிப் பார்த்துச் சந்தோஷப்பட்டா. அவவுக்காக வருகிற சனம் மாதிரி.

விளக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் வந்த நேரம் அதுதான் நடந்தது. நெருப்புக் கூடாது என்று மண்டபத்துக்காரர் எழுதித் தந்ததால் குத்துவிளக்கில் பற்றரித் திரி வைத்திருந்தோம். அஞ்சு பிரமுகர் வந்து ஒவ்வொருவராகச் சுவிச்சை அமத்தி எரியவைக்க வேண்டும். நாலாவது எரியவில்லை. நாலாவது ஆள் பல் வைத்தியர். அவர் நிற்கிறார், திரி எரியவில்லை, போட்டோ பிடிக்கிறவர் எரிந்தால்தான் எடுப்பேன் என்று கமராவோடு நிற்கிறார். கடைசியில் யாரோ சுவர் மணிக்கூட்டைக் கழற்றி அதன் பற்றரியைப் போட்டார்கள். சனம் கை தட்டியது. அதன் பிறகு மண்டபத்தில் மணிக்கூடும் இல்லை.

பிறகு ஒரு நிமிட மௌனம். வரவேற்பு நடனம். அஞ்சு அஞ்சுக்குத் தலைவர் மைக்கைப் பிடித்தார். அவருக்குப் பத்து நிமிடம், அடுத்தது படம் என்று நிரலில் போட்டிருந்தேன். நான் கணக்குப் பார்த்தேன் அன்ரி. அஞ்சேகாலுக்குப் படம் தொடங்கினால் ஆறு ஏழுக்கு முடியும். மண்டபத்து வாசலில்தான் பஸ் தரிப்பு. மூன்று நிமிடம் போதும். அக்காவும் அதே கணக்கைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருப்பா. என்னைத் திரும்பிப் பார்த்தா, விரலால் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினா. நான் தலையாட்டினேன்.

அஞ்சு பத்துக்கு மஞ்சள் அட்டையைத் தூக்கினேன். தலைக்கு மேலே இல்லை, நெஞ்சுக்கு நேரே. அவர் கண்டுவிட்டார். மைக்கிலேயே சொன்னார், "இந்தப் பிள்ளை எனக்கு மஞ்சள் அட்டை காட்டுது. நான் இன்னும் ஒருத்தரையும் காலைத் தட்டி விழுத்தேல்லையே."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. நீங்களும் சிரித்திருப்பீர்கள். பகிடி நல்ல பகிடிதான், நான் குறை சொல்லவில்லை. முந்நூறு பேர் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.  அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தேன். சிவப்பு அட்டை பைலுக்குள் இருந்தது. அதை நான் வெளியில் எடுக்கவே இல்லை.

எடுத்திருந்தால் மட்டும் அவர் நிறுத்தியிருப்பாரா? நீங்களே சொல்லுங்கோ. பதினொரு வருடமாகக் கதைக்கிறவர். முதல் வருடம் எத்தனை பேர் வந்தார்கள் என்பதில் தொடங்கினார். எங்கள் பிள்ளைகள் எங்கள் கதையைத் திரையில் பார்க்க வேண்டும் என்றார். உழைக்கிற சனத்தின் கதை என்றார். இந்தப் படத்தில் உழைக்கிற ஒரு தாயே நடித்திருக்கிறா என்று சொல்லி, அதற்கும் கைதட்டல் வாங்கினார். அக்காவும் கை தட்டினா, தன்னைத்தான் சொல்கிறார் என்று விளங்காமல்.

அவர் முடிக்க ஆறு மணி. படத்துக்குப் பிறகு பேச வேண்டிய பிரதம விருந்தினரை, வீடு விற்கிறவரை, அப்போதே கூப்பிட்டார். அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அக்கா எழும்பினா. குனிந்து குனிந்து, யாருடைய காலிலும் படாமல் வரிசையைக் கடந்து வந்தா. நான் வாசல் வரைக்கும் பின்னால் போனேன். அங்கேயே நின்று சேலைக்கு மேலே ஜக்கெற்றைப் போட்டு, செருப்பைக் கழற்றிச் சப்பாத்தைப் போட்டா.

"அக்கா, இந்தா, இன்னும் அஞ்சு நிமிசத்தில..."

"பரவாயில்லைப் பிள்ளை. பிந்தினால் அடுத்த கிழமை வேலை சிப்ற்றை வெட்டிப்போடுவாங்கள்." பிறகு, "முதலே தெரிஞ்சிருந்தால் ஆரோடையும் மாத்திக் குடுத்திட்டு வந்திருப்பன்" என்றா. எனக்குக் குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னா.

மேலே படம் போடுகிற அறைக் கண்ணாடியைப் பார்த்துக் கை காட்டினா. நிரோஜனுக்குத் தெரிந்ததோ என்னவோ. பஸ் வந்தது, ஏறினா. நான் உள்ளே போய் என் கதிரையில் இருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். பொன்னாடைக்கு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். "திருமதி பத்மலோஜினி." ஒருவரும் வரவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டார்கள். தலைவர் மைக்கை வாங்கி, "இதுதான் எங்கட ஆக்கள். தங்கட படத்துக்கே நேரத்துக்கு வரமாட்டினம்" என்றார்.

சனம் சிரித்தது.

நான் முன்வரிசையில் இருந்தேன் அன்ரி. மைக்குக்கும் எனக்கும் பத்தடி. அவ வந்தவ, மூன்று ஐம்பதுக்கே வந்தவ என்று சொல்ல எவ்வளவு நேரம் போகும்? அந்த வசனம் எனக்குள் முழுதாக இருந்தது, எழுவாய் பயனிலையோடு. எழும்பினால் திரும்பவும் சிரிப்பார்கள் என்று பட்டது. அதோடு தலைவர் வயதில் மூத்தவர். ஒரு மேடையில் வைத்து மூத்தவரைப் பொய்யராக்குவது சரியா?

படம் தொடங்கியபோது ஆறு முப்பத்தைந்து. நான் பார்க்கவில்லை. வெளியில் வந்தவர்களின் ஜக்கெற் வாங்கி வைக்கிற மேசையைப் பார்க்க ஆள் இல்லை என்றார்கள், போய் நின்றேன். கதவுக்குள்ளால் இசை கேட்டது. கடைசியில் கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை, பிறகு கைதட்டல். நல்ல கைதட்டல். இருபது பேர் வெளியில் ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நின்றும் அவ்வளவு கைதட்டல்.

இப்போது அக்காவுக்குப் பார்க்க வழியில்லை. நிரோஜன் படத்தை வேறு நாட்டு விழாக்களுக்கு அனுப்பியிருக்கிறார். அவர்களுடைய சட்டப்படி ஒரு வருடத்துக்கு வெளியில் விடக்கூடாதாம். எங்கள் கொமிற்றி அனுப்புகிற செய்திக்கு அவர் பதில் போடுவதும் இல்லை.

அக்காவின் பொன்னாடை என் வீட்டில் கிடந்தது. கிட்டத்தட்ட இரண்டு மாதமாக அதைப் பார்த்துப் பார்த்து, போன ஞாயிறு அக்காவுக்குப் போன் எடுத்தேன். நானாக ஒருவருக்குப் போன் எடுத்தது எப்போது என்று எனக்கே ஞாபகமில்லை.

"பொன்னாடையோ? அதை வச்சு நான் என்ன செய்ய, குளிருக்கும் உதவாது" என்று சிரித்தா. "நீங்களே வச்சிருங்கோ பிள்ளை, கலியாணத்துக்கு உதவும்." நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கடதாசியில் எழுதி வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். அதை வாசிக்கத் தொடங்குவதற்கு முன் அவ கேட்டா.

"பிள்ளை, ஒண்டு கேக்கட்டே? கடைசிக் காட்சியில மகன் வந்து கதவைத் தட்டுவார். தம்பி அதை ரெண்டு விதமா எடுத்தவர். ஒண்டில நான் கதவைத் திறப்பன். மற்றதில திறக்காமல் நிப்பன். படத்தில எதைப் போட்டிருக்கிறார்? திறந்தனானோ, இல்லையோ?"

நான் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வேன்? அவவும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை என்றால், பிறகு என்ன விழா அது? திறப்பதுதானே நல்லது. மகன் வந்து தட்டினால் தாய் திறப்பாதானே. அப்படி யோசித்தேன். யோசித்தேன் என்றும் சொல்ல முடியாது, வாயில் வந்துவிட்டது.

"திறந்தீங்கள் அக்கா. நல்ல வடிவா இருந்தது. எல்லாரும் கை தட்டினவை."

அந்தப் பக்கத்தில் தண்ணீர்ப் பைப் ஓடுகிறது மட்டும் கேட்டது. பிறகு அதையும் பூட்டினா.

"ஓ" என்றா. "அப்ப மற்றது சரிவரேல்லைப் போல."

"ஏன் அக்கா?"

"இல்லை, சும்மா. திறக்கிறதில நான் தம்பி சொன்னதைச் செய்தனான். மற்றதில கையைக் கதவில வச்சிட்டன். திறக்க வேண்டாமெண்டு அவர் சொல்லிப்போட்டார். எனக்கெண்டால் வெளியில என்ர ஆக்கள் ஆரோ நிக்கினம் போல கிடந்தது. அதில நான் நடிக்கேல்லைப் பிள்ளை. அதைத்தான் போடுவார் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்." பிறகு சிரித்தா. "அவருக்குத்தானே தெரியும் எது நல்லதெண்டு. சரி, கறி அடுப்பில."

நிரோஜனிடம் கேட்கமாட்டா. கேட்டால், ஏன் மற்றதைப் போடவில்லை என்று குறை சொன்ன மாதிரி இருக்குமாம். அப்படித்தான் கடைசியாகச் சொல்லிவிட்டு வைத்தா. கடதாசி என் கையில் அப்படியே இருந்தது.

அது உண்மையாகவும் இருக்கலாம்தானே? நான் சொன்னதே படத்தில் இருந்திருக்கலாம். இரண்டில் ஒன்று. பாதிக்குப் பாதி. ஒரு கிழமையாக நான் அப்படித்தான் இருக்கிறேன்.

நீங்கள் படம் முடியும்வரை உள்ளேயா இருந்தீர்கள் அன்ரி?

ம்.

திறக்கவில்லையா?

கையை வைத்துக்கொண்டு நின்றாவா. அப்படியே இருட்டாகிறதா. நீங்களும் அழுதீர்களா.

சரி.

இப்போதே அக்காவுக்குப் போன் எடுக்கவா? பஸ்சுக்குள்ளேயா? இல்லை அன்ரி, வீட்டுக்குப் போய் ஆறுதலாக எடுக்கலாம் என்று... ஓம், இன்றைக்கு ஞாயிறுதான். வீட்டில்தான் நிற்பா. நீங்கள் சொல்வது சரி. ஒரு வசனம்தான். சொல்லிவிட்டு வைக்கலாம்.

அடிக்கிறது.

"அக்கா, நான் சாம்பவி... ஓம் அக்கா, விழாப் பிள்ளைதான்... இல்லை, பஸ்சில போறன், அதுதான் இரைச்சல்... இல்லையக்கா, ஒண்டுமில்லை. சும்மா, சுகமா இருக்கிறீங்களோ எண்டு கேக்கத்தான் எடுத்தனான்."